கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

போன தேர்தலின்போது என் மருமகன் ஒரு நாள் மாலை கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் இப்போது கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறார். நானும் அதே வேலையில் கிடந்து ஓய்ந்தவன்தான். திரையில் ஒரு வேட்பாளரின் கொள்கைகள் தமிழில் நீளமாக இருந்தன. விரலால் ஒரு தட்டுத் தட்டினார், எல்லாம் சிங்களமாகிவிட்டது. இன்னொரு தட்டு, ஆங்கிலம்.

"நீங்க இதுக்கு எத்தின நாள் மினக்கெட்டிருப்பீங்க மாமா?" என்று கேட்டார்.

எங்கேயாவது பிழை பிடிக்கலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட வேலையில இது பாதிதான்" என்றேன். மற்றப் பாதி என்னவென்று அவர் கேட்டார். வாயால் சொல்லத் தொடங்கி, இடையில் அவருக்கு மூன்று அழைப்புகள் வந்து, மூன்று முறையும் நான் கோபப்பட்டு, கடைசியில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் இது.

நான் சிங்களம் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. அம்பாறை டவுனில் என் சாச்சா, வாப்பாவின் தம்பி, வைத்திருந்த புடைவைக் கடையில் படித்தேன். சாரம் வாங்க வந்த சிங்களக் குடியேற்றக் கொலனிக்காரர்களோடு விலை பேசிப் பேசி வந்த சிங்களம் அது. அதை வைத்துக்கொண்டுதான் சட்டத்தரணி ஹனீபா சேரின் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். கொடுக்கல் வாங்கல் சிங்களத்தையும் கோட்டு வழக்குச் சிங்களத்தையும் பிரித்தறிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஹனீபா சேர் கல்முனைக் கோட்டில் பேர்பெற்ற சட்டத்தரணி. மெல்லக் கதைப்பார். கோபம் வந்தால் இன்னும் மெல்லக் கதைப்பார். அவர் குரல் கேட்கவில்லை என்றால் யாருக்கோ நல்ல ஏச்சு விழுகிறது என்று அர்த்தம். சொல்லி எழுதுவிக்கும்போது உட்காரமாட்டார். மேசைக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே சொல்லுவார். கதவடியில் வந்து நின்றுவிட்டால், கடைசியாகச் சொன்ன சொல் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை வெட்ட வேண்டும். நான் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன்.

அவர் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தக் கந்தோரிலும் நான் அதைக் காணவில்லை. காணி உறுதிப் பத்திரமோ சத்தியக் கடதாசியோ எழுதி முடிந்ததும், கையொப்பம் வைக்க வந்தவருக்கு அதை அவருடைய பாஷையில் நான் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். இது எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பிறகு கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப இதுல என்ன இருக்கு எண்டு நீங்க திருப்பிச் செல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர் தன் வாயால், தன் சொல்லில் திருப்பிச் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் பேனை கைக்குப் போகாது.

ஆரம்பத்தில் இது எனக்கு வீண் மினக்கேடாகத் தெரிந்தது. வெளியே விறாந்தையில் ஆட்கள் நிறைந்து கிடக்க, உள்ளே ஒரு கிழவி உறுதியைப் பாடமாக ஒப்புவித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் இறக்காமத்திலிருந்து ஒரு உம்மா வந்தார். மகளுக்குச் சீதன வீடு எழுத வேண்டும். எழுதினோம், வாசித்தேன், எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"நான் மவுத்தாகிற வரைக்கும் இந்த ஊடு எனக்கு. அதுக்குப் பொறகு புள்ளைக்கு" என்றார்.

உறுதியில் அப்படி இல்லை. வீடு அன்றைக்கே மகளுக்குப் போய்விடும் என்றுதான் இருந்தது. கூட வந்த மருமகப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். ஹனீபா சேர் அந்த உறுதியை இரண்டாகக் கிழித்தார். உயிரோடு இருக்கும்வரை வீடு உம்மாவுக்கே என்று சீவிய உரித்து வைத்து வேறொன்று எழுதினோம். அன்றைக்குப் பிறகு அந்த வழக்கத்தை நான் ஒருபோதும் குறை சொல்லவில்லை. தொழுகைக்கு ஒளூச் செய்வது மாதிரி அது என் கைப்பழக்கமாகிவிட்டது. வீட்டில் கடைக்கு ஆள் அனுப்பினாலும் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். என் மனைவிக்கு இதனால் என்மேல் பெரும் சலிப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த பாராளுமன்றத் தேர்தலில் சேரும் ஒரு வேட்பாளராகக் கேட்டார். கட்சியின் பெயரும் சின்னமும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் மூன்று இன மக்களும் ஒரே வாக்குச்சீட்டில்தான் வாக்களிக்கிறார்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விரும்பிய மூன்று வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. ஆகவே ஒரே கட்சிக்காரர்களே ஒருவருக்கொருவர் போட்டி. சேரின் கணக்கு இதுதான்: முதல் விருப்பு எங்கள் கரையோர ஊர்களில், மூன்றாவது விருப்பு அம்பாறைப் பக்கத்துச் சிங்களக் கொலனிகளில். அங்கே பேச ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நான்.

கொள்கை எழுதும் வேலை கந்தோரிலேயே நடந்தது. நான் பல வேட்பாளர்களின் துண்டுப்பிரசுரம் பார்த்திருக்கிறேன். ஆவன செய்யப்படும், கவனம் செலுத்தப்படும், பாடுபடுவோம். சேர் கதவடியில் நின்று நின்று இந்தச் சொற்களையெல்லாம் வெட்டினார். ஒவ்வொரு பந்திக்கும் யார் செய்வது, எப்படிச் செய்வது, யாருக்கு நட்டம் என்று மூன்று கேள்வி கேட்டார்.

"நட்டத்த ஏன் சேர் எழுதணும்?" என்றேன்.

"ஒருத்தனுக்கும் நட்டமில்லாட்டி அது கொள்கையில்ல ஆதம்பாவா. பெருநாள் வாழ்த்து."

யுத்தத்தைப் பற்றி எழுதினார்: பேச்சுவார்த்தைதான் வழி, ஆனால் அந்த மேசையில் முஸ்லிம்களுக்கும் ஒரு கதிரை வேண்டும். கரையோரத்துக்குத் தனி நிருவாக மாவட்டம் வேண்டும் என்றும், அரசாங்கக் கந்தோரிலிருந்து தமிழருக்கும் முஸ்லிமுக்கும் வரும் கடிதம் தமிழில் வர வேண்டும் என்றும் எழுதினார். கடலுக்குப் போவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பற்றியும் நெல்லுக்கு விலையைப் பற்றியும் இருந்தது. எல்லாவற்றிலும் எனக்குக் கருத்து இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஆனால் இரண்டாம் பந்தியை எழுதியபோது நான் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

இரண்டாம் பந்தி தண்ணீர். இங்கினியாகலக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் முதலில் மேலே உள்ள கொலனி வயல்களைக் கடந்துதான் எங்கள் பக்கத்துக்கு வருகிறது. சிறுபோகத்தில் குளம் குறைந்திருக்கும், தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். முறை எப்போதும் மேலிருந்துதான் தொடங்கும். கீழே வந்து சேரும்போது வாய்க்காலில் தவளைதான் இருக்கும். சேர் எழுதியது இது: சிறுபோகத்தில் தண்ணீர் முறை வாய்க்காலின் கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மேல்வாய்க்கால் விவசாயிகள் ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தம்பிப்பிள்ளை, காரைதீவு. வாய்க்காலின் கடைசி வட்டைக்கு அவர்தான் விதானை, அதாவது அந்த வயல்வெளியில் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பு அவருக்கு. அந்த வட்டையில் தமிழருக்கும் வயல் இருந்தது, முஸ்லிம்களுக்கும் இருந்தது. தொண்ணூறில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவே கஷ்டமான காலம். தண்ணீருக்காக மட்டும் கதைத்தார்கள். அந்தச் சிறுபோகத்தில் அவர்கள் பயிர் குடலையில் நின்றது. கதிர் உள்ளே உருண்டு வெளிவரக் காத்திருக்கும் பருவம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் வருவது பதர்தான்.

நாங்கள் அந்த வட்டைக்குப் போனபோது வரம்பில் மருத மர நிழலில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். சேர் சொல்ல, நான் இரண்டாம் பந்தியை வாசித்தேன். கந்தோர்ப் பழக்கத்தில் கடதாசியைக் கவிழ்த்து, திருப்பிச் சொல்லச் சொன்னேன். தம்பிப்பிள்ளை எழும்பினார். எங்கள் ஆட்களை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கடைசி வயலுக்கு முதல் தண்ணி. மேல உள்ள ஆக்கள் ஒரு கிழமை பொறுக்கணும். அதத்தானே சொல்றீங்க காக்கா?"

"ஓம்."

"இத மேலயும் போய்ச் சொல்லுவீங்களோ?"

நான் சேரைப் பார்த்தேன். சேர், "ஓம், செல்லுவம்" என்றார்.

கொலனிக் கூட்டத்துக்கு முதல் நாள் கட்சி அமைப்பாளர் கந்தோருக்கு வந்தார். சிங்களத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஹனீபா, அவனுகள்ட தண்ணிய வெட்டப் போறன் எண்டு அவனுகள்ட ஊட்டுக்கே போய்ச் செல்லப் போறியா? விசரா ஒனக்கு?" என்றார். நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் சேர் என்னைக் கூப்பிட்டு, சிங்களப் பிரசுரத்தில் இரண்டாம் பந்தியை எடுத்துவிடச் சொன்னார்.

"சேர், விதானையாருக்கு ஓம் எண்டு செல்லிட்டு வந்தம்."

"தோத்துப்போன லோயரால ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்க ஏலாது ஆதம்பாவா. மொதல்ல வெல்லணும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். நான் பந்தியை எடுத்தேன். எடுத்துவிட்டு ஒன்று சொன்னேன். "பிரசுரம் உங்கட. எத விடணும் எண்டு நீங்க முடிவெடுக்கலாம். ஆனா மேடையில நான் நீங்க செல்லாத ஒண்டச் சேர்க்கவும் மாட்டன், பொய்யாப் போற ஒண்டச் செல்லவும் மாட்டன். வேற ஆளப் பாக்கிறதெண்டா இப்பவே பாருங்க." சேர் வேறு ஆள் பார்க்கவில்லை. அமைப்பாளர், இவன் யார் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் யார் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

கொலனியில் கூட்டம் ஒரு களஞ்சியசாலைக்கு முன்னால் நடந்தது. எதிரே விளைந்த வயல், தலை சாய்ந்து மஞ்சளேறி நின்றது. ஆட்கள் கதிரைகளில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இளநீர் வெட்டித் தந்தார்கள். சேர் நெல் விலை பேசினார், பசளை பேசினார், யுத்தத்தைப் பற்றிப் பேசினார். பந்தி பந்தியாக நான் சிங்களத்தில் சொன்னேன். அவர்களின் பிள்ளைகளும் ராணுவத்தில் இருந்தார்கள். பேச்சுவார்த்தை என்றதும் சில பெண்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். நன்றாகத்தான் போனது.

அப்போது ரன்பண்டா என்பவர் எழும்பினார். அந்தக் கொலனி விவசாயிகள் சங்கத்தின் தலைவர், ஒல்லி, தலை முழுக்க நரை. அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "ஐயா எல்லாம் சொன்னீர்கள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

நான் சேருக்குச் சொன்னேன். அமைப்பாளர் சேரின் காதில் ஏதோ சொன்னார். சேர் நிதானமாக, "தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் நீதி நடக்கும்" என்றார்.

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ வருடப் பழக்கம், நாக்கு தானாகவே புரண்டது. "இப்போது ஐயா சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்" என்று ரன்பண்டாவிடம் கேட்டுவிட்டேன். திட்டமிட்டுக் கேட்டேன் என்று பிற்பாடு ஊரில் பலர் சொன்னார்கள். இல்லை. கேட்ட பிறகுதான் கேட்டதே எனக்கு உறைத்தது.

ரன்பண்டா சிரித்தார். "இப்போது இருக்கிற முறை அப்படியே இருக்கும். எங்கள் தண்ணீரில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அதுதானே?"

ஆட்கள் கைதட்டினார்கள். நான் தமிழில் சேரிடம் சொன்னேன்.

அமைப்பாளர் முந்திக்கொண்டார். "ஓம் எண்டு செல்லு."

நான் சேரைத்தான் பார்த்தேன். "சேர், பிழையாத் திருப்பிச் செல்றாரு."

"ஓம் எண்டு செல்லன் மனிசா! ஒத்தச் சொல்லுத்தானே?" என்றார் அமைப்பாளர் மறுபடியும்.

மைக்கை மேசையில் வைத்தேன். கந்தோரில் இந்த இடத்தில் பேனையைக் கொடுப்பதில்லை. அதைச் சொல்லித்தந்தவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் ஓம் என்று தன் வாயால் சொல்லட்டும், நான் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டேன். தம்பிப்பிள்ளை வரம்பில் எழும்பி நின்றதுதான் கண்ணுக்குள் நின்றது.

கைதட்டல் ஓய்ந்தது. மேடையில் ஏதோ சரியில்லை என்று ஆட்களுக்கும் விளங்கிவிட்டது. சேர் மேடையின் ஒரு முனைக்கு நடந்தார், நின்றார். கதவடியில் நிற்கிற அதே நிற்பு.

"அந்தச் சொல்ல வெட்டு" என்றார்.

"எந்தச் சொல்ல சேர்?"

"நீதி. அத வெட்டிப்போட்டு ரெண்டாம் பந்திய வாசி."

கடதாசி என்னிடம் இல்லை. தேவையும் இல்லை. முறை கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும், நீங்கள் ஒரு கிழமை காத்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்பினார். இளநீர்க் கோம்பை ஒன்று மேடையில் வந்து விழுந்தது. பாதிக் கூட்டம் கலைந்து போனது. அமைப்பாளர் ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

ரன்பண்டா போகவில்லை. நான் கேட்காமலே திருப்பிச் சொன்னார். "முதல் தண்ணீர் அவர்களுக்கு. நாங்கள் ஒரு கிழமை பொறுக்க வேண்டும். இந்த முறை சரியாகச் சொல்கிறேனா?"

"சரியாகச் சொல்கிறீர்கள்" என்றேன்.

"பிறகு என்ன தைரியத்தில் என்னிடம் வாக்குக் கேட்டு வந்தீர்கள்?"

இதற்குச் சேர் சொன்ன பதிலை நான் உரத்த குரலிலேயே சிங்களமாக்கினேன். சேர் எதிரே இருந்த வயலைக் காட்டினார். "உங்கட நெல்லு மஞ்சளாகிட்டு. இதுக்குத் தண்ணி இனி வேணுமா? நீங்க மொதல்ல தண்ணி எடுத்தீங்க, மொதல்ல வெதச்சீங்க, மொதல்ல வெட்டப் போறீங்க. கீழ இப்பதான் குடலை. உங்கட மதகு இப்பவும் தொறந்து கெடக்கு. விளைஞ்ச வயலுக்குப் போற தண்ணிய யாருக்குக் காக்கிறீங்க?"

ரன்பண்டா வயலைத் திரும்பிப் பார்த்தார். விவசாயிக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. "வாக்குத் தரமாட்டேன்" என்றார். "மதகைப் பற்றி வேண்டுமானால் கதைக்கலாம். அந்தக் கீழ்வட்டை விதானையை வரச் சொல்லுங்கள்."

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் ராணுவக்காரர் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். "கூட்டத்துக்கு" என்றேன். "நல்லா நடந்ததா?" என்றார். அமைப்பாளர் என்னை முறைத்தார். ஓம் என்றேன்.

அந்தக் கிழமையிலேயே தம்பிப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொலனிக்குப் போனேன். இரண்டு பேரும் மதகுக் கட்டில் குந்தி இருந்து கதைத்தார்கள். நடுவில் நான் குந்தி இருந்தேன். ஒவ்வொன்றையும் இருவரும் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனோம். மேல் மதகுகளின் கதவுகள் இறங்கின. தண்ணீர் கீழே போய்ச் சேர்ந்தது. எல்லா வயலும் தப்பியது என்று சொல்லமாட்டேன், வாய்க்காலோரம் இருந்தவை தப்பின. தம்பிப்பிள்ளை புது நெல்லில் ஒரு சாக்கு அரிசி குற்றி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். ஒவ்வொரு போகமும் அப்படி மதகு இறங்கியது என்றும் சொல்லமாட்டேன். சில போகங்களில் மறுபடியும் சண்டைதான். ஆனாலும் சண்டைக்கு முதல் ஒரு முறை குந்தி இருந்து கதைக்கும் பழக்கம் நின்றது.

சேர் தோற்றார். அவர் கட்சிக்காரர்களே கொலனி கொலனியாகப் போய், "தண்ணீரை வெட்டப்போகிறவருக்கு இலக்கம் போடாதீர்கள்" என்று சொன்னார்கள். முடிவு வந்த பிறகு நான் கந்தோருக்குப் போவதா விடுவதா என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். சேர் ஆள் அனுப்பினார். போனேன். "நாளைக்கு ரெண்டு வழக்கு. கட்டுகள எடுத்து வை" என்றார். கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்மேல் கோபமா இல்லையா என்று எனக்கு வருடக்கணக்காகத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் செய்தது சரி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

அடுத்த பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது சேருக்கு மீண்டும் ஆசை வந்தது. கட்சி இடம் கொடுக்கவில்லை, சுயேச்சையாகக் கேட்டார். ஒரு நாள் பின்னேரம் கோட்டு முடிந்து வந்தவர், தன் மேசைக்குப் போகாமல் எனக்கு எதிரே, வழக்குக்காரர்கள் இருக்கும் கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. கொள்கைக் கடதாசியை என் முன்னால் வைத்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், இரண்டிலும் ஒரே எண்ணிக்கைப் பந்திகள்.

"வாசி" என்றார்.

வாசித்தேன். முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? கவுத்து வை."

கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு எவருக்கும் சொல்வதுபோலவே சொன்னேன். "திருப்பிச் செல்லுங்க சேர்."

ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் பந்திக்கு வந்தார்.

"கடைசி வயலுக்கு மொதல் தண்ணி. மேல உள்ளவனுக்கு ஒரு கிழம நட்டம்" என்றவர், "எனக்கும் நட்டம்" என்றார்.

பிறகு கையை நீட்டினார். நான் பேனையைக் கொடுத்தேன்.